மெஷின் தின்ற எலுமிச்சம்பழம்

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால்கூட நடக்கத் தொடங்கிவிடுவேன் (பாதி வழியில் அந்த பஸ்ஸே என்னைத் தாண்டிப் போகும், அது வேறு விஷயம்).

செர்காம் பக்கம் எங்கள் தோட்டத்துப் பெண்கள் ஆறு பேர் மரவள்ளிக்கிழங்கு சிப்ஸ் போட்டு விற்கிறோம். கையால் சீவிச் சீவி எல்லார் விரலிலும் பிளாஸ்திரி. நான்தான் விவசாய இலாகாவுக்கு நடையாய் நடந்து, சீவும் மெஷின் ஒன்றை ஒரு மாதம் ஓட்டிப் பார்க்க வாங்கி வந்தேன். அதிகாரி வந்து பார்த்துத் திருப்தியானால் மெஷின் எங்களுக்கு. இல்லாவிட்டால் வேறு ஊர்க் கம்போங்குக்குப் போய்விடும். எங்களில் மூத்தவரான சரசக்கா மட்டும் அதைத் தொடவே மாட்டேன் என்றார். கத்தி என்றால் விரல், மெஷின் என்றால் கையே போய்விடும் என்பது அவர் கட்சி.

அதிகாரி பத்து மணிக்கு வருவதாக இருந்தது. ஒன்பதுக்கே கிழங்கை உரித்துக் கழுவி வைத்துவிட்டோம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்போதுதான், மெஷினுக்குப் பூஜையே போடவில்லை என்பது உறைத்தது. சந்தனம், குங்குமம் வைத்தேன். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். இதற்குச் சக்கரம் உள்ளே அல்லவா இருக்கிறது? குங்குமம் அப்பிய பழத்தை மெஷின் வாயில் போட்டு சுவிட்சைத் தட்டினேன்.

“வெளிய வெச்சா போதும்லா, உள்ள போடாத,” என்று சரசக்கா சொல்லி முடிப்பதற்குள் சிவப்புச் சாறு சுவரிலும் என் முகத்திலும் தெறித்துவிட்டது.

கிழங்கைப் போட்டால் மெஷின் தானாகச் சுத்தமாகிவிடும் என்று ஒரு கூடைக் கிழங்கையும் உள்ளே தள்ளினேன் (மூளைக்கு அன்று லீவு). ஒவ்வொரு வில்லையும் பொட்டு வைத்துக்கொண்டு வந்து விழுந்தது. பார்த்தால், வாசலில் அதிகாரியின் கார். அரை மணி நேரம் முன்னாலேயே வந்திருந்தார், என்னைப் போலவே அவசரக்காரி.

அந்த மலாய்ப் பெண்மணி, யாருக்குக் கை போனது என்றுதான் முதலில் கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது. பிளாஸ்திரி விரல்களோடு நின்ற மற்றவர்களை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

சரசக்கா பிளக்கைப் பிடுங்கினார். ஸ்குரூடிரைவரை எடுத்து மூடியைக் கழற்றி, தகட்டைக் கழற்றி, கத்திகளை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்துத் திரும்பப் பூட்டினார். இத்தனை நாளும் தள்ளி நின்றே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டிருக்கிறார். கால் மணி நேரத்தில் புதுக் கிழங்கு வெள்ளை வெளேரென்று விழுந்தது. கழற்றிக் கழுவத் தெரிந்தவர்களிடம்தான் மெஷின் இருக்க வேண்டும் என்ற அதிகாரி, இதற்குப் பொறுப்பு யார் என்று கேட்டார்.

“நான்தான் புவான். இவ இனிமே அடுப்பப் பாத்துக்குவா,” என்று அக்கா மலாயில் சொல்லிவிட்டு, எங்களுக்காகத் தமிழிலும் ஒருமுறை சொன்னார்.

இன்றுவரை எனக்கு அடுப்புதான். கதை வீடு வரைக்கும் வந்துவிட்டது. போன மாதம் புது வாஷிங் மெஷின் வந்தபோது, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே என் கணவர் என்னைப் பாசாருக்கு அனுப்பிவிட்டார். கையில் கொடுத்த லிஸ்ட்டின் கடைசியில், எலுமிச்சம்பழம் வேண்டாம் என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்.