குற்றவாளி: வயது

மருத்துவ உலகின் மாபெரும் கண்டுபிடிப்பு எதுவென்று கேட்டால், 'வயசாச்சு' என்ற சொல்லைத்தான் சொல்வேன். விலை கிடையாது, பக்கவிளைவு கிடையாது, நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் சிரமமும் கிடையாது. இம்மருந்தை எங்கள் மருத்துவமனை போல வாரி வழங்கிய மருத்துவமனை வேறில்லை. எங்கள் மருத்துவமனையின் மக்கள் தொடர்பு அதிகாரி என்ற முறையில் பெருமையோடு சொல்கிறேன்.

என் மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தேய்ந்த முழங்காலுக்குப் பதிலாக எங்களிடமே உலோக மூட்டு வைத்துக்கொண்டு, மாடிப்படியில் இளவட்டம் மாதிரி ஏறி இறங்கியவர். போன மாதம் அவருடைய கடைவாய்ப்பல் சீழ் பிடித்தது. பல் பிரிவில் வலி மாத்திரை கொடுத்து, வயசாச்சு, பல் அப்படித்தான் என்று தேற்றி அனுப்பினார்கள். அடுத்த வாரமே குளிர்காய்ச்சல். உலோக மூட்டு பந்து போல வீங்கியது. எலும்புப் பிரிவின் தலைமை மருத்துவர் அறை வாசலில் நின்றபடியே நோயைக் கண்டறிந்தார்: வயசாச்சு, மூட்டு அப்படித்தான்.

பல் முதல் மாடி, மூட்டு மூன்றாம் மாடி. இரண்டையும் சேர்த்துப் பேச யாருக்கும் அதிகாரமில்லை. ரத்தம்தான் இந்த நிர்வாக ஒழுங்கை மதிக்காமல் கிருமியைச் சுமந்துகொண்டு மாடி மாடியாக அலைகிறது.

என் மனைவி விடவில்லை. "வயசானவங்களுக்குக் கிருமி சீக்கிரம் பரவும்னு உங்க ஆஸ்பத்திரிச் சுவர்லயே எழுதியிருக்கீங்களே, டாக்டர்? அப்போ அப்பாவைச் சீக்கிரமா பாக்க வேணாமா?"

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். வயசுதான் காரணம்," என்றார் அவர், வாதத்தில் வென்ற களைப்போடு.

மாமனார் என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, வண்டி பழசுன்னா பிரேக்கை அடிக்கடி பாப்போம். இவங்க ஹாரனை மட்டும் அடிக்கிறாங்களே."

அவர் நினைவு தப்பிய பிறகுதான் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். உயிர் பிழைத்தது, மூட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. இப்போது கால் மடங்குவதில்லை. கூடத்துக் கட்டிலில் நீட்டியபடி, தெருவில் போகும் பஸ்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

விசாரணைக் கூட்டம் கூடியது. பல் பிரிவு நிரபராதி, எலும்புப் பிரிவு நிரபராதி, குற்றவாளி 'வயது' என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். வயது தன் தரப்பில் ஒன்றும் சொல்லவில்லை.

அதே வாரம் தலைமை மருத்துவருக்குப் பல்வலி. அவர் இடுப்பிலும் உலோக மூட்டு உண்டு. உடம்பு லேசாகச் சுட்டதுமே மூன்று மாடியும் ஒன்றாக ஓடியது. அன்றே பல்லைப் பிடுங்கி, ரத்தத்தைச் சோதித்து, கிருமியைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். மறுவாரம் அவர் விறுவிறுவென்று நடந்து வந்து, சரியான நேரத்தில் சிகிச்சை பெறுவதன் அவசியம் பற்றி எங்களுக்கு உரையாற்றினார்.

அந்தத் தலைமை மருத்துவருக்கு என் மாமனாரின் மூத்த அண்ணன் வயது.