புனித லோரானின் அடுப்பு

"கரி பத்தாது தம்பி," என்றார் துசேன், படத்தின் முன்னால் நின்று.

ஃபிர்மேன் தூரிகையைக் கீழே வைத்தான். மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த படம் அது. ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் ஆட்கள் புனித லோரானை இரும்புக் கம்பித் தட்டில் கிடத்திச் சுடுகிறார்கள். அந்த வேதனையிலும், "இந்தப் பக்கம் வெந்துவிட்டது, திருப்பிப் போடுங்கள்" என்று கேலி பேசியவர் அவர். அதனால்தான் எங்கள் ஊர் இறைச்சி சுடுகிறவர்கள் சங்கத்துக்கு அவர் பாதுகாவலர். சங்கத் தலைவர் இந்தத் துசேன்.

ஃபிர்மேன் அதுவரை வரைந்ததெல்லாம் மதுக்கடைப் பலகைகள்தான். ஒரு பன்றி, ஒரு சேவல், மறுபடியும் ஒரு பன்றி. ஆகஸ்ட் மாதத் திருநாளன்று இந்தப் படம் பீடத்துக்கு மேல் ஏறிவிட்டால் அவன் கோயில் ஓவியன். ஏறாவிட்டால் சாகும்வரை பன்றிதான்.

"புனிதர் முகம் எப்படி இருக்குங்க?"

"அது இருக்கு. கம்பிக்கும் கரிக்கும் நடுவுல இம்மாம் இடம் விட்டா சூடு எப்படி ஏறும்? சாயங்காலம் வரைக்கும் பச்சையாத்தான் கிடப்பாரு."

ஃபிர்மேன் தட்டைத் தாழ்த்தினான். கரியைக் கூட்டித் தீயையும் எழுப்பினான்.

"இப்ப தீ நாக்கை நீட்டுதே. மேல கருகிரும், உள்ள வேகாது. பாக்கிறவன் நம்ம கடைகளைப் பத்தி என்ன நினைப்பான்?"

தீயை அழித்துத் தணல் போட்டான். துசேன் அப்போதும் திருப்தியாகவில்லை.

"சுடுறவனைப் பாரு, இடுக்கி புடிச்சிருக்கிற லட்சணத்தை. இவனுக்கு என் கடையில எலும்பு பொறுக்கக்கூட வேலை குடுக்க மாட்டேன்."

"பின்ன யாரைத்தான் வரையுறது?"

துசேன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். படம் வாங்கிக் கொடுக்கிறவர் அதில் ஒரு மூலையில் கைகூப்பி மண்டியிட்டிருப்பது எங்கள் வழக்கம். அவருக்கு மூலை பிடிக்கவில்லை. "அடுப்பு இருக்கிற இடத்துல நான் போய் மூலையில நிக்கிறதா?"

ஆக, துசேன் இடுக்கியோடு நடுவில் வந்தார். விஷயம் தெரிந்ததும் அவருடைய மச்சான்கள் இருவரும் ஓடிவந்தார்கள். ஒருவர் துருத்தியோடும் இன்னொருவர் உப்புக் கிண்ணத்தோடும் படத்துக்குள் ஏறிக்கொண்டார்கள்.

திருநாள் நெருங்கியபோது பங்குச் சாமியார் அம்புருவாஸ் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"துசேன், இதுல நீ யாருன்னு தெரியுதா?"

"நான்தான் சாமி. மூக்கு அப்படியே இருக்குதே."

"கொலைகாரன்டா. புனிதரைச் சுட்டுக் கொல்ற பாவி."

"யாராச்சும் சுடத்தானே வேணும் சாமி. வேலை தெரிஞ்சவன் சுட்டா அவருக்கும் நல்லதுதானே."

சாமியார் ஃபிர்மேனிடம் திரும்பினார். "திருநாளுக்கு ஆயர்கிட்டேருந்து பெரிய சாமி வர்றாரு. சிரிச்சு ஒருத்தரும் பாத்ததில்லை. இந்தச் சமையக்கட்டைப் பாத்தாருன்னா படத்தோட சேத்து என்னையும் வெளிய தூக்கிப் போட்டுருவாரு."

ஃபிர்மேன் துசேனுக்கும் மச்சான்களுக்கும் தேவதூதர்களைப் போல இறக்கை வைத்தான்.

"இப்ப சம்மனசுங்க சுடுதுங்க," என்றார் சாமியார், அழாத குறையாக.

"அடுப்பை எடுத்துறட்டுமா?"

"அடுப்புல கை வச்சா படமே வேண்டாம்," என்றார் துசேன்.

ஃபிர்மேனுக்குப் பொறுமை போய்விட்டது. இருவரையும் வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டான். அத்தனை நாளில் புனிதரின் முகத்தை ஒருவர்கூடப் பார்க்கவில்லையே என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது. இடுக்கி, துருத்தி, உப்புக் கிண்ணம் எல்லாவற்றையும் அழித்தான். மூவரின் வெறுங்கைகளையும் புனிதரின் தோளுக்கடியில் கொண்டுபோனான். மூன்று சம்மனசுகளும் அவரைத் தணலிலிருந்து வானத்தை நோக்கித் தூக்கினார்கள். மேலிருந்து விழுந்த வெளிச்சத்தில் அந்த முகத்தைப் புதிதாக வரைந்தான். வரைந்து முடித்தபோது அவனுக்கே கண் கலங்கிவிட்டது.

திருநாளன்று வண்ணம் காயவில்லை. துசேனின் இறக்கையில் ஈ ஒட்டியிருந்தது. ஒட்டடைக் கம்பு போல் நெடுநெடுவென்றிருந்த பெரிய சாமி படத்தின் முன்னால் வந்து நின்றார். அவர் மெல்ல மண்டியிட்டார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"இந்தப் படம் இங்கேயே இருக்கட்டும்," என்றார் எழுந்து. "ஆயர் கோயிலுக்கும் இவரே ஒண்ணு வரையட்டும்."

மணி அடித்தது. சங்கத்தார் ஃபிர்மேனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவுக்கே போய்விட்டார்கள். இனி ஜென்மத்துக்கும் அவன் பன்றி வரைய வேண்டியதில்லை. துசேன், "என் இறக்கையைப் பாத்தீங்களா?" என்று வழியில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே அம்புருவாஸ் சாமியார் நன்றியோடு கைகளைக் குவித்தார்.

"எது சாமி உங்க மனசை இவ்வளவு உருக்கிருச்சு? அந்த முகமா?"

"சரியான பதத்துல இறக்கியிருக்காங்க," என்றார் பெரிய சாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எங்க அப்பாவும் கறி சுடுற கடைதான் வச்சிருந்தாரு."