அம்பாள் காலடியில் வைத்த கடிதம்

ஊராருக்கு வந்த கடிதங்களையெல்லாம் வாசித்துச் சொன்ன நான், என் மகளுக்கு வந்ததை முழுதாக வாசிக்கவில்லை. அப்போது நான் நயினாதீவில் உப தபாலதிபர். கம்பஸ் என்ற பல்கலைக்கழகம் என்றால் பட்டம், ரெக்னிக்கல் என்ற தொழில்நுட்பக் கல்லூரி என்றால் தொழில் என்று தீவுக்கே விளக்கம் சொன்னவனும் நான்தான். (கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.)

மகள் சுகந்தி இரண்டுக்கும் விண்ணப்பித்திருந்தாள். கடிதத்தை நானே பிரித்தேன். 'தெரிவுசெய்யப்பட்டுள்ளீர்' கண்ணில் பட்டது. பதிவு நாளும் பட்டது. இடம் படவில்லை. அது கம்பஸ்தான் என்று மனம் எப்போதோ தீர்மானித்திருந்தது. நேரே கோயிலுக்கு ஓடி, ஐயரிடம் கொடுத்து, அம்பாள் காலடியில் வைப்பித்தேன். குங்குமத்தோடு மடித்துத் தந்தார்.

பதிவு நாளன்று பாய், வாளி, பனங்கிழங்கு ஒடியல் மா சகிதம் லோஞ்ச் படகில் ஏறினோம்.

"அப்பா, தங்குமிடம் தருவினமெண்டு போட்டிருக்கோ?"

"கம்பஸெண்டால் தருவினம், பிள்ளை."

"ஒருக்காக் கடிதத்தைக் காட்டுங்கோவன்."

"இப்ப ஏலாது. குங்குமம் கொட்டுண்டிடும். மேசையிலதான் பிரிக்கவேணும்."

கம்பஸில் இரண்டு மணித்தியாலம் வரிசை. முன்னால் நின்றவருக்கும் என் விளக்கத்தைச் சொன்னேன். அவர் இடத்தை விட்டுக்கொடுத்துப் பின்னால் போய்விட்டார்.

மேசையில் பதிவு எழுதும் லிகிதர் கடிதத்தைப் பிரித்தார். பதிவேடு சிவந்தது.

"ஐயா, இது எங்கட கடிதமில்லை. ரெக்னிக்கலின்ர. அங்க இண்டைக்கு ரெண்டு மணியோட பதிவு முடியுது."

மணி ஒன்றே கால். சுகந்தி கடிதத்தை வாங்கி வாசித்தாள்.

"கணக்கியல். இதைத்தான் நான் விரும்பிப் போட்டனான், அப்பா. கம்பஸுக்கு நீங்கள் சொன்னதால போட்டனான்."

அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் முன்பு கண்டதில்லை. அதைத் தொலைக்கப் பார்த்தேனே என்ற பயத்தில், தெருவில் வந்த வாடகைக் காரின் முன்னால் பாயை விரித்துப் பிடித்து மறித்தேன். இரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்க ரெக்னிக்கலுக்குப் போய்ச் சேர்ந்தோம். தகப்பன் கையெழுத்து எலிவால் மாதிரி வந்தது. அங்கே தங்குமிடமே இல்லை. அவளை என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, வாளியோடு தீவுக்குத் திரும்பினேன்.

இப்போது சுகந்தி கொழும்பில் கணக்காளர். கல்யாண அழைப்பிதழ் வந்தாலும் அச்சகத்தின் பெயர்வரை உரக்க வாசிப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வேலைக்கு வந்த நியமனக் கடிதத்தைக் கோயிலில் நான் அர்ச்சனைத் தட்டில் வைத்தபோது, ஐயர் திருநீற்றைக் கையில் எடுத்தபடி கேட்டார்:

"இந்தமுறை எந்த இடமெண்டு அம்பாளுக்காவது சொன்னனீரோ?"