தசரதனுக்குத் தண்ணீரில் கண்டம்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர்களின் கொடி பறந்த அந்த நாட்களில், கடலில் கப்பல் நங்கூரம் போட்டால் ஊருக்கே கொண்டாட்டம்தான். துணிப்பொதி ஏற்றப் போகிறவர்களுக்குக் கப்பல்காரர்கள் கடல் கடந்து பத்தாவியாவிலிருந்து கொண்டுவந்த சாராயத்தை ஆளுக்கொரு குவளை ஊற்றுவார்கள். பொதி சுமக்கும் தசரதன் அந்தக் குவளைக்காக வருஷம் முழுக்க நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தான். கப்பலும் வந்தது. மறுநாளே சுண்ணாம்புக்குளத்தில் மைத்துனன் பிள்ளைக்குக் காதுகுத்தும் வந்தது. என்ன செய்வான், பாவம்!

மாமனார் வீட்டுக்கு முந்தின நாளே ஏரியில் படகேறிப் போவதுதான் வழக்கம். தசரதன் காலையிலேயே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாய்யா ஆச்சு?" என்றாள் மனைவி மணியம்மாள்.

"இந்த மாசம் எனக்குத் தண்ணியில கண்டமாம். படகுல காலே வைக்கக் கூடாதுனு ஜோசியரு சொல்லிட்டாரு. நீ மட்டும் போய்ட்டு வா."

"எந்த ஜோசியரு?"

"அவரு... வெளியூரு."

"எப்ப வந்தாரு?"

"வந்தாரு, போய்ட்டாரு."

மணியம்மாள் பதறிய பதற்றத்தைப் பார்த்துத் தசரதனுக்கே பாவமாகிவிட்டது. "ஐயோ, உன் உசுரு முக்கியம்யா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே ஓடினாள்.

அவள் போய்க் கொஞ்ச நேரம் கழித்து இவன் துறைக்கு ஓடினான். கப்பலுக்குப் பொதி கொண்டுபோகும் படகில் ஒரு காலை வைத்தான். படகுக்காரன் பச்சைமுத்து, உயிர் நண்பன், அந்தக் காலைப் பிடித்துத் தள்ளிவிட்டான்.

"கண்டக்காரன ஏத்திக்கினு போயி என் படகு கவுந்தா? எந்தப் படகுலயும் ஒன்ன ஏத்த மாட்டாங்க. ஒம் பொண்டாட்டி இப்பதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு அழுதுட்டுப் போறா."

"டேய், அது சும்மாடா..." என்று ஆரம்பித்தவன் திரும்பிப் பார்த்தான். மூட்டையும் கையுமாக மணியம்மாள் நின்றிருந்தாள்.

"இன்னா சும்மா?"

"ஒண்ணுமில்ல."

"தரையில கண்டமில்லியே? நடந்தே வந்துடு. கண்ட குட்டையிலயும் தண்ணி குடிக்காத, வயித்துக்கு ஆவாது. வெயில்ல குடையப் பிடி. சுக்க மென்னுக்கோ."

பனையோலைக் குடையை அவன் கையில் திணித்துவிட்டுச் சுண்ணாம்புக்குளம் படகில் ஏறிக்கொண்டாள்.

நடந்தான், நடந்தான், நடந்துகொண்டே இருந்தான். தூரத்தில் அவள் படகின் பாய் தெரிந்தது. கல்யாணமான புதிதில் இதே ஏரியில் அவளுக்குத் தலை சுற்றி, அவன் புது வேட்டியிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். வழியெல்லாம் எலுமிச்சம்பழத்தை அவள் மூக்கருகே பிடித்துக்கொண்டே வந்தான். அந்தப் படகு கரை சேராமலே இருந்தால் தேவலை என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கலாம். கேவலம் ஒரு குவளைக்கு ஆசைப்பட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டான். காலில் கொப்புளம் வேறு.

பொழுது சாயும்போது மாமனார் வீட்டு வாசலில் போய் நின்றான். தொண்டை காய்ந்து பேச்சே வரவில்லை. மாமியார் சொம்பு நிறையத் தண்ணீரோடு ஓடிவந்தாள். மணியம்மாள் அதைக் குறுக்கே வாங்கிக்கொண்டாள்.

"அந்த ஜோசியரு பேரு இன்னா? அத்தச் சொல்லு, அப்புறம் குடி."

தசரதன் சொம்பைப் பார்த்தான்.

"தசரதன்," என்றான்.