பெரியவரின் வலது கால்

நாவலின் முதல் அத்தியாயத்தைப் படித்த நாளிலிருந்து மாஸ்டரின் மனைவி அவரோடு பேசவில்லை.

மாஸ்டர் என்றால் கார் ஓட்டக் கற்றுத்தருபவர். வருடக்கணக்கில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்தே பல உயிர்களைக் காப்பாற்றியவர். ஓய்வு பெறுவதற்குள் ஒரு நாவலாவது எழுதிவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அதற்காக நூலகத்தில் நடந்த எழுத்து வகுப்பில் சேர்ந்தார். அங்கே ஆசிரியை அவர் எழுதியதைப் புரட்டிவிட்டு, "மத்தவங்கல்லாம் பொம்மை. அந்தப் பெரியவர் மட்டும்தான் உயிரோட இருக்கார். அவரை விட்டுடாதீங்க" என்றார்.

அந்தப் பெரியவர் யாரையும் முழுசாகப் பேச விடமாட்டார். எதிராளி வாயைத் திறந்ததும் வலது காலால் தரையை அழுத்தி, மீதியைத் தானே சொல்லிவிடுவார். ஆசிரியை அப்படிச் சொன்னதில் மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் மனைவியிடம் படிக்கக் கொடுத்தார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, அவரே கேட்டார். "இப்ப என்ன கோவம்?"

"அந்தப் பெரியவர் நான்தானே?"

"அவருக்கு மீசை இருக்கு."

"மீசையை ஒட்டிட்டா எனக்கு அடையாளம் தெரியாதா? நான் பேசினாலே உங்களுக்கு..."

"எரிச்சலா இருக்குன்னு சொல்ல வர்றே. அது சுத்தக் கற்பனைம்மா."

மனைவி எழுந்து போய்விட்டாள். குடும்பமா நாவலா என்று யோசித்த மாஸ்டர், பெரியவரின் மீசையை மழித்து, வயதைக் குறைத்து, தலையில் வழுக்கை வைத்து, கல்யாணமாகாத சித்தப்பாவாக மாற்றினார். அவர் கையால் எழுதியதைக் கணினியில் ஏற்றுவது மகளின் வேலை.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். இந்தச் சித்தப்பாவும்..."

"நல்லா வந்திருக்கார்னு சொல்லப் போறே. அடுத்த பக்கத்தை அடி."

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி வந்தான். கல்யாணமாகாதவன்; தலையிலும் முடி கிடையாது. தண்ணீர்கூட வேண்டாம் என்றான்.

"இந்த வாசப்படியை இனிமே மிதிக்கலாமான்னு யோசிக்கிறேன், மாமா. வழுக்கைன்னா உங்களுக்கு அவ்வளவு..."

"இளக்காரமான்னு கேக்குறே. இல்லடா." மேசைக்கு அடியில் மாஸ்டரின் கால் தரையை அழுத்தியது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் என்பார்கள், மாஸ்டருக்கு நாயானது. மனுஷனாக இருந்தால்தானே வம்பு என்று சித்தப்பாவை நாயாக்கினார். வீட்டில் யார் பேச ஆரம்பித்தாலும் வலது முன்காலால் தரையை அழுத்திக் குரைத்து அடக்கும் நாய். மறுநாளே எதிர்வீட்டுக்காரர் தன் நாயோடு படியேறி வந்தார்.

"இது குரைக்கிறது தொந்தரவா இருந்தா நேராவே சொல்லியிருக்கலாம் சார். கதையில எழுதி..."

"அவமானப்படுத்தணுமான்னு கேக்கறீங்க" என்று மாஸ்டரே முடித்து வைத்தார். அந்த நாய் குரைத்து அவர் கேட்டதே இல்லை. கதை இவர்வரைக்கும் எப்படிப் போனது என்று கேட்கவும் தோன்றவில்லை.

நாயையும் எடுத்துவிட்டார். மிச்சமிருந்த நாவலில் எல்லோரும் நிம்மதியாகப் பேசி முடித்துத் தூங்கப் போனார்கள். ஆசிரியை அதைப் படித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்தவர் எழுதியதைக் கையில் எடுத்தார். திட்டியிருந்தால்கூட மாஸ்டர் தாங்கியிருப்பார். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த மனிதருக்கு, காகிதத்தில் ஒரு ஆளை உயிரோடு உட்கார வைக்கத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கண் கலங்கிவிட்டது.

"எல்லாத்தையும் அழிச்சிடும்மா" என்றார் மகளிடம். "எனக்கு எழுத்து வராது."

"அப்பா, முதல்ல எழுதினீங்களே, அந்தப் பெரியவர்..."

மாஸ்டர் வாயைத் திறந்தார். கால் தரையை நோக்கிப் போனது. ஆனால் மீதியைச் சொல்ல இன்றைக்கு அவரிடம் ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். மகளுக்கே அதை நம்ப முடியவில்லை. அவர் காலை ஒரு தடவை பார்த்துக்கொண்டுதான் தொடர்ந்தாள்.

"அது நீங்கதாம்பா. நாயாக்கியும் அந்தக் காலை விடலை நீங்க. ஊர் கண்டுபிடிச்சு சிரிச்சா உங்க மனசு தாங்காது, அவரை நீங்களே எடுத்துடணும்னு, யார் எப்ப வந்து கோச்சுக்கணும்னு அம்மாதான் முறை போட்டுக் கொடுத்தாங்க. எதிர்வீட்டுக்காரருக்கு மட்டும் ரெண்டு தடவை ஒத்திகை."