சாக்ஸ் மாட்டிய கை

இனிமேல் இந்த நாட்டில் எனக்கு எவனும் உத்தரவு போட முடியாது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவெடுத்தேன். முடிவெடுத்த இடம், என் டாக்ஸியின் முன் சீட்டு. டாக்ஸி நின்ற இடம், என் வீட்டு முற்றம். முடிவை ஊருக்குச் சொல்லலாம் என்றால் வெளியே போக வழியில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் ஊரடங்கு. பகலில் அனுமதிச் சீட்டு இல்லாத வண்டி எதுவும் நௌசோரி பாலத்தைத் தாண்டக் கூடாது.

சீட்டு கேட்டால் தருவார்கள். கேட்பதற்குத்தான் எனக்கு இஷ்டமில்லை. வண்டி என்னுடையது, பெட்ரோல் நான் போட்டது. இதற்காக ஒரு கான்ஸ்டபிள் முன்னால் இசிகேலி என்கிற நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? உயிரே போனாலும் மாட்டேன்.

ஆனால் ஓட்டிப் பழகிய கால் சும்மா இருக்குமா? வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்தாலும் வலது கால் ஆக்ஸிலேட்டரைத் தேடியது. அதனால் தினமும் வண்டியைக் கிளப்புவேன். கேட்டிலிருந்து ஈரப்பலா மரம் வரை முன்னால். மரத்திலிருந்து கேட் வரை பின்னால். முதல் வாரம் கோழிகள் பதறி ஓடின. பிறகு அவற்றுக்கே சலித்துப்போய், ஹாரன் அடித்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் மனைவி லூசியானா துணி காயப்போட்டபடி, "சவாரி ஏதாவது கிடைச்சுதா?" என்று கேட்பாள்.

அவளுக்கும் ஒரு தவிப்பு இருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் அவள் அக்கா உனைசியின் வீட்டில் எல்லோருக்கும் தொற்று. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கிறார்கள். சர்க்கார் பொட்டலம் வரும்போது வரும். வராதபோது டின் மீனைப் பிள்ளைகள் பங்குபோட்டுச் சாப்பிடும். சர்ச்சுப் பெண்கள் இந்த மாதிரி வீடுகளுக்குச் சோறு சமைத்துத் தர ஆரம்பித்திருந்தார்கள். கொண்டுபோய்க் கொடுக்கத்தான் வண்டி இல்லை.

லூசியானாவுக்கு லைசென்ஸ் உண்டு. இரண்டு வருஷம் முன்பு போய், ஒரே தடவையில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். நான் எத்தனை தடவை போனேன் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. லைசென்ஸ் அவளிடம் இருந்தது. சாவி என் கழுத்தில், கயிற்றில் கட்டி, சட்டைக்குள் தொங்கியது.

"சாவியக் குடுங்க. அக்கா வீட்டு வாசல்ல சோத்த வெச்சுட்டு வந்துடறேன்."

"வெளியில நிலைமை சரியில்ல."

"எனக்குத் தெரியாதா?"

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அப்ப எப்பதான் குடுப்பீங்க?"

"நிலைமையப் பார்த்து, படிப்படியா."

அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "ஊரடங்க எப்ப எடுப்பீங்கன்னு கேட்டதுக்கு, இதையேதான் நேத்து ரேடியோவுல அந்த சர்க்கார் மனுசன் சொன்னாரு. நீங்க ரேடியோவத் தூக்கி முற்றத்துல எறிஞ்சீங்க."

அது வேறு, இது வேறு என்றேன். எப்படி வேறு என்றாள். ரேடியோ வேறு, புருஷன் வேறு என்றேன். எனக்கே அது ஒரு பதிலாகத் தோன்றவில்லை. எழுந்து போய் இன்னொரு தடவை ரிவர்ஸ் எடுத்தேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு நோய் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயமாகத்தான் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. சமையல் அவள், தோட்டம் அவள், பன்றிக்குத் தீனி அவள். வண்டியும் அவள் என்று ஆகிவிட்டால் இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை?

வண்டியைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். யாங்கோனாவை எப்படிப் பொறுத்துக்கொள்வது? வேரை இடித்துப் பொடியாக்கி, துணியில் கட்டித் தண்ணீரில் பிசைந்தால் சேற்று நிறத்தில் வரும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, ஒரே தேங்காய்ச் சிரட்டையில் முறை வைத்துக் குடிக்க வேண்டும். நாக்கு மரக்கும், மனசு இளகும், பேச்சு வளரும். இருபத்தைந்து வருஷமாகப் பொழுது சாய்ந்தால் எனக்கு அதுதான் வழிபாடு. இப்போது நாலு பேர் கூடக் கூடாது, சிரட்டையைப் பகிரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தனியாகக் குடித்துப் பார்த்தேன். இருமல் மருந்து குடிப்பது போல இருந்தது.

பக்கத்து வீட்டு நெமானி என் அத்தை மகன். எனக்கு மச்சான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆள் உயரத் தகர வேலி. அதில் மரவள்ளிப் பாத்தி ஓரமாக, முழங்கால் உயரத்தில், ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டேன். சட்டம் என்ன சொல்கிறது? கூடாதே என்கிறது. நாங்கள் எங்கே கூடினோம்? அவன் அவன் வீட்டில், நான் என் வீட்டில். யாங்கோனா பிசைந்த பேசின் என் பக்கம். ஆளுக்கொரு சிரட்டை. அவன் சிரட்டையை நீட்டுவான், நான் ஊற்றுவேன். இந்த யோசனை எந்த வக்கீலுக்கு வரும் சொல்லுங்கள்.

வக்கீலுக்கு வராத இன்னொன்று எனக்கும் வரவில்லை. கைதட்டல். சிரட்டையை வாங்குவதற்கு முன்னால் உள்ளங்கையைக் குழித்து ஒரு தட்டு, குடித்து முடித்தபின் மூன்று தட்டு. பிறந்ததிலிருந்து பழகியது. நானும் நெமானியும் நினைத்துப் பார்த்துத் தட்டவில்லை. கை தானாகத் தட்டியது. தகரத்தில் பட்டு அந்தச் சத்தம் தெருமுனை வரை போயிற்று. ரோந்து வந்த கான்ஸ்டபிள் கேட்டுக்கு வெளியே நின்று, யாரது, என்ன சத்தம் என்று கேட்டார். நெமானி அந்தப் பக்கம் சேம்பு இலைகளுக்கு நடுவே குப்புற விழுந்துவிட்டான்.

"கொசு சார்" என்றேன்.

"கொசுவ மூணு மூணா வரிசையாவா அடிப்பீங்க?"

அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே. எந்தக் கொசுவுக்கு எத்தனை தட்டு என்று அவருக்குத் தெரியாதா? இந்தத் தடவை விடுகிறேன், இன்னொரு தடவை சத்தம் கேட்டால் நேரே கோர்ட்டுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தட்டாமல் குடிக்கலாமா என்று நெமானியிடம் கேட்டேன். குடிக்காமலே இருந்துவிடலாம் என்றான் அவன். மரியாதை தெரிந்தவன். கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். நியூசிலாந்தில் இருக்கும் அவன் அண்ணன் முழங்கால் வரை வரும் கம்பளி சாக்ஸ் ஒரு மூட்டை அனுப்பியிருந்தார். எங்கள் ஊர் வெயிலில் அதைக் காலில் போட முடியாது. கையில் மாட்டிக்கொண்டோம். தட்டினால் 'பொஃப்' என்று ஒரு பெருமூச்சு மாதிரிதான் வந்தது. பேச்சும் கிசுகிசுதான். பேசுவது பெரும்பாலும் நான். நெமானி "ம்" கொட்டுவான்.

லூசியானாவுக்கு இதெல்லாம் தெரியாது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆறு மணி ஆனால், "கொசு அடிக்கப் போறீங்களா? போயிட்டு வாங்க" என்று சாதுவாகச் சொல்வாள். எவ்வளவு வெகுளி என்று எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

ஒரு சனிக்கிழமை. தலைவலி, சீக்கிரம் படுக்கிறேன் என்று லூசியானா உள்ளே போய்விட்டாள். நான் யாங்கோனாவைப் பிசைந்து முடிப்பதற்குள் ஓட்டையில் சிரட்டையோடு சாக்ஸ் கை வந்துவிட்டது. மச்சானுக்கும் அவசரம் போல. கை கொஞ்சம் மெலிந்து தெரிந்தது. வீட்டில் சாப்பாட்டுக்கு முடை போலிருக்கிறது, பாவம் என்று விளிம்பு வரை ஊற்றினேன். குடித்தான். பொஃப், பொஃப், பொஃப்.

அன்றைக்கு எனக்குப் பேச்சு நன்றாக ஓடியது. நம்மைப் பூட்டி வைத்துவிட்டு எவனோ சாவியைத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டு திரிகிறானே, நாம் என்ன சின்னக் குழந்தைகளா, நம் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள நமக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"ஏன் பூட்டுறாங்களாம்?" என்று கிசுகிசுத்தது வேலி.

"பயம், மச்சான். பயந்தாங்கொள்ளிதான் அடுத்தவனப் பூட்டுவான்."

"நம்ம நல்லதுக்குன்னு சொல்றாங்களே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நம்பாதே."

ஓட்டையில் மறுபடி கை வந்தது. சாக்ஸ் மாட்டிய கை மட்டும், சிரட்டை இல்லை.

"மச்சான், ஒரு கேரேகேரே."

சொந்தக்காரன் கேரேகேரே என்று வாய் திறந்து கேட்டுவிட்டால், இல்லை என்று சொல்லக் கூடாது. கொடுத்ததைத் திரும்பக் கேட்கவும் கூடாது. என் அப்பா ஒரு படகையே அப்படிக் கொடுத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் தவறியதில்லை.

"கேளு மச்சான்."

"உன் வண்டிச் சாவி. பாலத்தத் தாண்டணும்."

தன் வீட்டுப் பன்றிக்கே பயப்படுகிற நெமானி, தடுப்பைத் தாண்டப் போகிறான். இத்தனை நாள் இந்த ஓட்டை வழியாக நான் ஊற்றியது வீண்போகவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"யாரையும் கேக்காமலா போகப் போற?"

"உன்னத்தான கேக்கறேன்."

கயிற்றோடு கழற்றி அந்தக் கையில் வைத்தேன். திரும்பக் கேட்க மாட்டியே என்றது கிசுகிசு. சத்தியமாக மாட்டேன் என்றேன். பொஃப், பொஃப், பொஃப். நானும் பதிலுக்குத் தட்டினேன். அன்றைக்குத் தூங்கியது போல நான் அந்த வருஷத்தில் தூங்கியதே இல்லை.

காலையில் இன்ஜின் சத்தம் கேட்டு ஓடி வந்தேன். முன் சீட்டில் லூசியானா. முகக்கவசம், ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. பின் சீட்டில் அவித்த மரவள்ளியும் தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பு இலையும் சட்டி சட்டியாக. கண்ணாடியில் அனுமதிச் சீட்டு. எப்படி வாங்கினாய் என்றேன். போன வாரமே ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டேன், கொடுத்தார்கள் என்றாள். வேலிக்கு மேலே நெமானியின் தலை தெரிந்தது. கன்னம் வீங்கி, துணியால் கட்டியிருந்தான்.

"ரெண்டு நாளா பல்வலி மச்சான். என் பொண்டாட்டி கட்டில விட்டு எறங்க விடல. நீ பேசினதெல்லாம் ஜன்னல் வழியா கேட்டேன். நல்லா பேசின" என்றான்.

நான் வண்டியின் குறுக்கே நின்றேன்.

"இது ஏமாத்து வேலை. செல்லாது."

"கேட்டேன், குடுத்தீங்க. நான் கை தட்டினேன், நீங்களும் தட்டினீங்க. இதுல எது செல்லாது?"

"மச்சான்னு நெனச்சுக் குடுத்தேன்."

"அப்ப போதகர்கிட்டயே கேட்டுடலாம். இல்ல, பாலத்துல அந்தக் கான்ஸ்டபிள் இருப்பாரு, அவர்கிட்ட கேக்கலாம். எங்க உக்காந்து, எத்தன மணிக்கு, என்ன குடிச்சுக்கிட்டு இருக்கறப்ப குடுத்தீங்கன்னு நீங்களே வெவரமா சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் கோர்ட்டுக்குப் போகிறவன் நானாகத்தான் இருந்தேன். ஒதுங்கி நின்றேன். நான் வழக்கமாக உரசுகிற அந்தக் கேட்டில் ஒரு இடத்தில் கூடப் படாமல் அவள் வெளியே போனாள்.

மத்தியானம் திரும்பி வந்து சட்டிகளைக் கழுவியபடி எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா ஜன்னலுக்கு உள்ளேயும் இவள் முற்றத்திலுமாக நின்று அழுதார்களாம். கடைசிப் பயல் சட்டியை வழித்துச் சாப்பிட்டானாம். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருக்கிறதே என்று கோபமாகவும் இருந்தது.

அதன்பிறகு தினமும் போனாள். உனைசி வீடு போக இன்னும் பல வீடுகள். எனக்கு முன்னும் பின்னும் ஓட்டக்கூட வண்டி இல்லை. வண்டி நின்ற இடத்தில் கோழிகள் மண்ணைக் கிளறிப் படுத்திருந்தன. கேட் வரை நடந்தேன். மரம் வரை நடந்தேன். ரேடியோவையாவது திட்டலாம் என்றால் அது முற்றத்தில் விழுந்த அன்றே பேச்சை நிறுத்திவிட்டது. ஒரு வாரம் தாக்குப்பிடித்தேன். அடுத்த திங்கட்கிழமை காலை அவள் வண்டியில் ஏறும்போது, நானும் வரட்டுமா என்று கேட்டேன். கேட்கும்போது கை தானாக முன்னால் கட்டிக்கொண்டது.

லூசியானா கொஞ்சம் யோசித்தாள். மூட்டை இறக்க ஆள் வேண்டும்தான் என்றாள். முன் சீட்டில் அரிசி மூட்டை இருந்ததால் பின்னால் சட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். தேங்காய்ப்பால் சிந்தாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

பாலத்தில் அதே கான்ஸ்டபிள். லூசியானாவைப் பார்த்து சல்யூட் அடித்தார். குனிந்து பின் சீட்டில் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்திருக்க வேண்டும், உதட்டில் ஒரு சிரிப்பு.

"இவருக்கு அனுமதி இருக்கா?"

மனிதப் பிறவியின் சுதந்திரத்தைப் பற்றி அவருக்கு நாலு வார்த்தை சொல்வது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை இழுத்தேன். அதற்குள் லூசியானா கியரை மாற்றினாள்.

"இருக்கு. நான் குடுத்திருக்கேன்."

கான்ஸ்டபிள் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்காமல் தடுப்பைத் தூக்கிவிட்டார்.