பாயிலர் மேல் வைத்த இட்லி மாவு

தனியாக இருக்கிற ஆண்பிள்ளை முதலில் தனக்குத்தானே பேசிக்கொள்வான். கொஞ்ச நாளில் வீட்டுச் சாமான்களோடு பேசுவான். மூன்றாவது கட்டம்தான் ஆபத்து: தான் சொல்வதைக் கேட்டு நடக்கிற சாமானாகப் பார்த்து வாங்கி வருவான். நான் அந்தக் கட்டத்தை ஆக்லாந்து நகரத்து ஒனிஹங்காவில், அங்கே குளிர் தொடங்குகிற ஓர் ஏப்ரல் மாதத்தில் எட்டினேன்.

ஒரு பழைய மரவீட்டின் பின்பாதியில் வாடகைக்கு இருந்தேன். முன்பாதியில் வீட்டுக்காரர் பரமேஸ்வரி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற நர்ஸ். இரண்டு பாதிக்கும் பொதுவான லாண்டரி அறையில் ஒரு கேஸ் பாயிலர் இருந்தது. அது தண்ணீரைச் சூடாக்கிக் குழாய் வழியே அனுப்ப, இரண்டு பக்கமும் சுவரோரம் இருந்த இரும்பு ஹீட்டர்கள் சூடாகும். அதை இயக்க என் பக்கத்து நடையில் ஒரு வட்டத் திருகு. வலப்பக்கம் திருப்பினால் எரியும், இடப்பக்கம் திருப்பினால் அணையும். அதற்கு எந்தக் குறையும் இல்லை. குறை எனக்குத்தான் இருந்தது.

மனைவி கவிதாவும் மகள் நிலாவும் திருச்சியில் இருந்தார்கள். கவிதாவுக்குக் கல்லூரியில் நல்ல வேலை. அதை விட்டுவிட்டு இங்கே வருவதா வேண்டாமா என்று அவளுக்கு முடிவாகவில்லை. "மே லீவுக்கு வர்றோம். இருந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றிருந்தாள். ஒருநாள் வீடியோ காலில் நிலா, "அம்மா, அப்பா ஏன் எப்பவும் போர்வைக்குள்ளயே இருக்காரு? காய்ச்சலா?" என்று கேட்டாள். கவிதா என் பின்னால் இருந்த ஜன்னலையே பார்த்தாள். கண்ணாடியில் ஈரம் வழிந்துகொண்டிருந்தது. அவர்கள் வரும்போது வீடு கதகதப்பாக இல்லாவிட்டால் என் கதை முடிந்தது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வேலை முடிந்து வந்து திருகைத் திருப்பினால், வீடு சூடேறுவதற்குள் தூங்கும் நேரம் வந்துவிடும். அதனால் ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வாங்கினேன். போனிலிருந்தே வீட்டைச் சூடாக்கலாமாம். என் வேலையே, எங்கள் கம்பெனி சாஃப்ட்வேர் எந்தெந்த போனோடு ஒத்துப்போகும் என்று சோதித்துச் சொல்வதுதான். 'வாங்கும் முன் இது உங்கள் பாயிலருக்குப் பொருந்துமா என்று பாருங்கள்' என்று அட்டைப்பெட்டியின் பின்புறம் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கத்தின் மேல்தான் டீ கப் வைத்திருந்தேன்.

லாண்டரியில் ஸ்க்ரூட்ரைவரும் கையுமாக நின்றபோது அக்கா எட்டிப் பார்த்தார்.

"தம்பி, பொயிலரிலை கை வையாதேங்கோ. அதுக்கெண்டு படிச்ச ஆக்கள் இருக்கினம்."

"நானும் பி.இ. தாங்க்கா."

"எதிலை?"

"கம்ப்யூட்டர்."

"ஓம், அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

நடையில் இருந்த திருகைக் கழற்றிவிட்டு அங்கே புதுப்பெட்டியை மாட்டினேன். அதற்கான ஆப் என் போனில் ஏறவில்லை. போன் அவ்வளவு பழசு. (ஊரான் போனையெல்லாம் சோதிக்கிறவன் போன் இருந்த லட்சணம் அது.) சரியென்று கவிதாவின் போனில் ஏற்றச் சொன்னேன். "நீ அங்க இருந்தே நம்ம வீட்டைச் சூடு பண்ணலாம்" என்றேன் பெருமையாக.

"அப்ப உங்களுக்கு ஸ்வெட்டரும் இங்கேருந்தே போட்டு விடணுமா?" என்றாள்.

அந்தப் பெட்டிக்கு ஒரு பழக்கம் இருந்தது. போன் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வீட்டு ஆளும் இருப்பதாக அது நினைத்துக்கொள்ளும். போன் திருச்சியில் இருந்தது. ஆகவே மாலையானால் கவிதாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி போகும்: 'வீட்டில் யாரும் இல்லை. சூட்டைக் குறைத்துவிட்டேன்.' நான் அந்தப் பெட்டிக்கு நேர் கீழே, குல்லாவும் சாக்ஸுமாக உட்கார்ந்திருப்பேன். "யோவ், நான் இருக்கேன்யா" என்று அதனிடம் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். அது கண்டுகொள்ளவில்லை. உண்மையில், வேலை முடிந்து வந்தபிறகு நான் வாய்திறந்து பேசிய ஒரே வாக்கியம் அதுவாக இருந்த நாட்களும் உண்டு.

'வீட்டில் இருக்கிறோம்' என்று கவிதா திருச்சியிலிருந்து பொய் சொல்லி அழுத்திப் பார்த்தாள். பெட்டியின் திரையில் அழகாக ஒரு தீச்சுடர் தோன்றியது. பாயிலர் மட்டும் அசையவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. அந்தப் பழைய பாயிலருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இரண்டு கம்பி தொட்டுக்கொண்டால் எரிய வேண்டும், பிரிந்தால் அணைய வேண்டும். புதுப்பெட்டியோ கம்பியைத் தொடவைக்கிற ஜாதி இல்லை. எவ்வளவு சூடு வேண்டும் என்று விவரமாகச் செய்தி அனுப்புகிற ரகம். இது மெயில் மேல் மெயில் போட்டுக்கொண்டிருக்க, அது காலிங் பெல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அக்கா தன் பக்கத்தில் ஒரு எலெக்ட்ரிக் ஹீட்டரை வைத்துச் சமாளித்தார், எனக்கோ பழைய திருகைத் திரும்ப மாட்ட வீம்பு. அவர்கள் வரும் நாள் காலையிலும் வீடு ஐஸ்பெட்டியாகத்தான் இருந்தது. போதாததற்கு, அவர்களுக்காக அரைத்து வைத்த இட்லி மாவு முந்தாநாள் ஊற்றிய அளவிலேயே அசையாமல் கிடந்தது. ஆக்லாந்துக் குளிரில் மாவைப் பொங்கவைக்க நம் ஆட்கள் படாத பாடு இல்லை. ஹீட்டர் பக்கத்தில் வைப்பார்கள், ஓவன் அடுப்புக்குள் விளக்கைப் போட்டு வைப்பார்கள், கம்பளி போர்த்துவார்கள். நான் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்க்கு ஆசைப்பட்டேன். பாயிலரின் மூடியைத் திறந்து, அந்த இரண்டு கம்பிகளையும் நானே முறுக்கிச் சேர்த்தேன். 'குபுக்' என்று பற்றிக்கொண்டது! மாவுப் பாத்திரத்தைப் பாயிலருக்கு நேர் மேலே இருந்த பலகையில் ஏற்றினேன். மூடியைத் திருப்பி மாட்டினேனா? (அதெல்லாம் வந்து பாத்துக்கலாம்னு விட்டாச்சு.) ஏர்போர்ட்டுக்கு விசிலடித்துக்கொண்டே காரோட்டினேன்.

விமானம் நேரத்துக்கு வந்தது. கவிதாவின் பெட்டி வரவில்லை. அதாவது பெட்டி வந்தது, அதை அதிகாரிகள் விடவில்லை. என் அம்மா கொடுத்தனுப்பிய கறிவேப்பிலை, வடகம், பெயர் தெரியாத ஏதோ ஒரு வேர் என்று ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் பரப்பி விசாரணை நடந்தது. வெளியே வந்து சேரப் பகல் பாதி போய்விட்டது. அத்தனை நேரமும் பாயிலர் எரிந்துகொண்டிருந்தது, அதை நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை.

வீட்டு வாசலில் பரமேஸ்வரி அக்கா இரவு உடையோடு நின்று, ஒரு பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன.

"தம்பி, உமக்கென்ன விசரே? உள்ளுக்கை நிக்கேலாமக் கிடக்கு! ஒரு தீய்ஞ்ச மணமும் வருது!"

என் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. நிலா ஸ்வெட்டரைக் கழற்றினாள். கவிதா உள்ளே ஓர் அடி வைத்துவிட்டு நின்றாள்.

"ஏங்க, திருச்சில கிளம்பி மறுபடி திருச்சிக்கே வந்து இறங்கியிருக்கோமா?"

லாண்டரிக்கு ஓடினேன். மாவு பொங்கியிருந்தது. என் வாழ்நாளில் அப்படிப் பொங்கிய மாவைப் பார்த்ததில்லை. பாத்திரம் தாண்டி, பலகை தாண்டி, திறந்து கிடந்த பாயிலருக்குள் வழிந்து, பாதி வெந்து, பாதி கருகிக் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாயிலர் ஒருமுறை செருமிவிட்டு அணைந்துபோனது. அக்கா ஓடிவந்து கேஸ் வால்வை மூடினார்.

அன்று சனிக்கிழமை. கேஸ் வேலை செய்கிறவர் திங்கள்தான் வருவேன் என்றார். மாலைக்குள் இரண்டு பாதியும் ஜில்லிட்டுவிட்டன. அக்காவிடம் இருந்த ஒரே எலெக்ட்ரிக் ஹீட்டரை அவர் வரவேற்பறையில் வைத்து, நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். கவிதா ஊர்க்கதை சொன்னாள், அக்கா ஆஸ்பத்திரிக் கதை சொன்னார், நிலா என் மடியிலேயே தூங்கிப்போனாள். அந்த இரண்டு நாளும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

திங்களன்று வந்தவர் பாயிலருக்குள்ளிருந்து வெள்ளையும் கறுப்புமான வில்லைகளைச் சுரண்டி எடுத்து, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். "பிரேக்ஃபஸ்ட்" என்றார் அக்கா. புதுப்பெட்டி கழன்றது, பழைய திருகு திரும்ப வந்தது, வீடு அளவாகச் சூடானது. நாங்களும் அவரவர் அறைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

லீவு முடிந்து கிளம்புகிற அன்று, ஏர்போர்ட்டில் கவிதா சொன்னாள்: "குளிரெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நீங்க ஆபீஸ் போனப்புறம் நாள் பூரா அந்த வீட்டுல இருந்து பாத்தேன். ஒரு சத்தம் இல்ல. எப்படிங்க இருக்கீங்க? இன்னும் ஒரு வருஷம் போகட்டுமே." குளிருக்கு மட்டும்தான் நான் ஏற்பாடு செய்திருந்தேன்.

கழற்றிய பெட்டியைப் புத்தக அலமாரியில் வைத்துக் கரண்ட் மட்டும் கொடுத்திருந்தேன், வீட்டின் குளிர் எவ்வளவு என்றாவது காட்டட்டுமே என்று. அவர்கள் திருச்சி போய்ச் சேர்ந்த அன்றே நிலா கூப்பிட்டாள். "அப்பா, வீட்டுல யாரும் இல்லையாமே? அம்மா போன்ல வந்திருக்கு!"

"நான் இருக்கேன்டா."

"நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்போது குடும்பமே அதைப் பிடித்துக்கொண்டது. மச்சான் போன் செய்தால்கூட ஹலோ கிடையாது, "வீட்டுல யாரும் இல்லையாமே?" தான். எதையும் சூடாக்காத பெட்டிக்கு எதற்கு வீணாகக் கரண்ட், பிடுங்கிவிடச் சொல்லி அக்கா ஓயாமல் சொல்கிறார். சரி சரி என்று தலையாட்டுகிறேன். ஆனால் மாலையில் அந்தச் செய்தி திருச்சிக்குப் போனால்தான் நிலா என்னைக் கூப்பிடுகிறாள்.